முதலில் கையை அள

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பழைய மவுஸ் ஒருமுறை அழுத்தினால் இருமுறை கிளிக் ஆகிறது, ஒரு மணி நேரம் விளையாடினாலே சுண்டுவிரலும் மணிக்கட்டும் வலிக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். கூடவே மூன்று மாடல்களின் டிபிஐ எண்களை (மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது எத்தனை புள்ளிகள் எண்ணும் என்பது) குறித்து அனுப்பி, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அந்த எண்களை இப்போதைக்கு ஓரமாக வை. உன் விரலை வலிக்க வைப்பது, மவுஸின் நகர்வை அறியும் சென்சார் இல்லை. உன் கைக்கு ஒத்துவராத வடிவம்தான்.

ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை எவ்வளவு நீளம் என்று பார். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடிமூட்டுக்குக் குறுக்கே அகலத்தையும் அள. இரண்டையும் 0.6ஆல் பெருக்கு. கை 19 செ.மீ. நீளம், 9.5 செ.மீ. அகலம் என்றால் மவுஸ் ஏறக்குறைய 11.4 செ.மீ. நீளமும் 5.7 செ.மீ. அகலமும் இருக்கலாம். இது கைக்கணக்குதான், சட்டம் இல்லை. உள்ளங்கை முழுக்கப் பதித்துப் பிடிப்பவர்களுக்கு ஒரு செ.மீ. கூடுதலாக இருந்தால் சுகம். விரல்நுனியால் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இன்னும் குட்டையாக இருந்தால்தான் விரல்கள் மடங்கி நீள இடம் கிடைக்கும். ஒன்றைக் கவனி: பெட்டியில் போட்டிருக்கும் அகலம் பெரும்பாலும் மவுஸின் மிக அகன்ற இடத்துக்கானது. உனக்குத் தேவை, கட்டைவிரலும் மோதிரவிரலும் தொடுகிற இடத்தின் அகலம்.

எப்படிப் பிடிக்கிறாய் என்று உன்னையே கேட்டால் சரியான பதில் வராது. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும்போது யாரையாவது பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல். உள்ளங்கை முழுக்க மவுஸில் ஒட்டியிருந்தால் பாம் கிரிப். உயரமான, முதுகு உருண்ட மவுஸ் வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் பின்முனையில் ஊன்றி, விரல்கள் வளைந்து நின்றால் கிளா கிரிப். மவுஸின் முதுகு மேடு நடுவில் இல்லாமல் பின்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். உள்ளங்கை படவே இல்லை என்றால் ஃபிங்கர்டிப். தாழ்வான, குட்டையான மவுஸ் போதும்.

இப்போது சுண்டுவிரலுக்கு வருகிறேன். மவுஸைப் பிடித்தபடி அந்த விரல் எங்கே இருக்கிறது என்று பார். பேடில் உரசிக்கொண்டு வருகிறதா, மோதிரவிரலுக்குக் கீழே மடங்கிக் கிடக்கிறதா? இரண்டுமே மவுஸ் உனக்கு ஒடுக்கம் என்பதற்கான அடையாளம். அடுத்து பக்கச்சுவரைப் பார். சுவர் மேலே அகன்று கீழே உள்வாங்கி இருந்தால், தூக்கும்போது விரல்கள் தாமாகவே கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும். கீழே அகன்று மேலே குறுகினால் விரல் வழுக்கும், ஒவ்வொரு முறை தூக்கவும் இறுக்கிப் பிசைய வேண்டிவரும். சென்சிடிவிட்டியை, அதாவது கை நகர்வுக்குக் கர்சர் ஓடும் அளவை, குறைத்து வைத்து விளையாடுபவர்கள் ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை மவுஸைத் தூக்கி நகர்த்தி வைக்கிறார்கள் என்று நினைத்துப் பார். வலி வருவது அங்கேதான்.

எடை குறைவதால் கிடைக்கும் நன்மையும் அதே இடத்தில்தான் தெரியும். முன்பு 90 முதல் 120 கிராம் வரை இருப்பது சாதாரணம். 2019இல் வந்த குளோரியஸ் மாடல் ஓ தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட மேலுறையோடு 67 கிராமுக்கு இறங்கியது. 2020இல் ரேசர் வைப்பர் மினி ஓட்டையே இல்லாமல், ஒயரோடு வந்தும், 61 கிராம். அதே ஆண்டின் லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் ஒயர் இல்லாமல் 63 கிராமுக்கும் கீழே. 100இலிருந்து 65க்கு வந்தால் முதல் நிமிடத்திலேயே தெரியும். 55இலிருந்து 48க்கு இறங்கக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் எண்ணம். அந்தக் காசுக்கு உன் கைக்குப் பொருந்தும் வடிவத்தைத் தேடு. ஒயர் மவுஸ்களின் எடையில் பெரும்பாலும் ஒயரைச் சேர்க்கமாட்டார்கள், அதையும் மனதில் வை.

எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முக்கியம். சென்சாருக்கு நேராக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்து மவுஸை லேசாகத் தூக்கிப் பார். பின்பக்கம் சட்டென்று தொங்கினால், ஆட்டத்தில் தூக்கும்போதும் தொங்கும். அந்தச் சுமை மணிக்கட்டின் மேல் விழும். பேட்டரியைப் பின்னால் வைக்கும் மலிவு வயர்லெஸ் மவுஸ்களில் இது சகஜம். லாஜிடெக் ஜி305 மாதிரி ஒற்றை ஏஏ பேட்டரி போடுவதாக இருந்தால், சாதாரண ஆல்கலைன் சுமார் 23 கிராம், லித்தியம் ஏஏ சுமார் 15 கிராம். பேட்டரியை மாற்றுவதிலேயே 8 கிராம் போய்விடும்.

ஒயரா, ஒயர் இல்லாததா? கையில் காசு குறைவு என்றால் ஒயரே வாங்கு. அதே விலைக்கு நல்ல சென்சாரும் நல்ல சுவிட்சும் கிடைக்கும், சார்ஜ் கவலை இல்லை. ஆனால் ஒயர் பாராகார்ட் என்று சொல்கிற தளர்ந்த நூல்பின்னல் உறையில் இருக்க வேண்டும். விறைப்பான ரப்பர் ஒயர் 60 கிராம் மவுஸைப் பின்னால் பிடித்து இழுக்கும். எடை குறைத்ததற்கே பொருள் இல்லாமல் போகும். எந்த ஒயராக இருந்தாலும் மேசையிலிருந்து சில செ.மீ. உயர்த்தி, ஒரு வளைவு விட்டு பங்கியில் (ஒயரைத் தூக்கிப் பிடிக்கும் சின்னத் தாங்கி) மாட்டு.

வயர்லெஸ் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) உள்ளதை எடு. புளூடூத் ஆபீஸ் வேலைக்குச் சரி, ஆட்டத்துக்குத் தாமதம். டாங்கிளை கணினிப் பெட்டியின் பின்னால் செருகிவிட்டு "கர்சர் திக்குகிறது" என்று புலம்புபவர்கள் நிறையப் பேர். யூஎஸ்பி 3 போர்ட்டுகளிலிருந்தும் ஒயர்களிலிருந்தும் கசியும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டு டாங்கிளை மவுஸ் பேடுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்தால் திக்கல் பெரும்பாலும் நின்றுவிடும்.

சென்சாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டிகளில் ஆடுபவர்களே பெரும்பாலும் 400, 800, 1600 டிபிஐயில்தான் வைத்திருக்கிறார்கள். பிக்ஸ்ஆர்ட் 3360 என்ற பழைய சென்சாரே வினாடிக்கு 250 அங்குலம், அதாவது 6 மீட்டருக்கும் அதிகமான வேகத்தைத் தொடரும். உன் கை அவ்வளவு வேகமாகப் போகாது. சென்சார் பெயரைச் சொல்லாமல் டிபிஐயை மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தால் அந்த மவுஸைத் தொடாதே. மட்டமான சென்சாரின் எண்ணை மென்பொருளால் ஊதிப் பெருக்கியிருக்கக்கூடும். போலிங் ரேட், அதாவது மவுஸ் கணினிக்கு வினாடிக்கு எத்தனை முறை தகவல் அனுப்புகிறது என்பது, 1000 ஹெர்ட்ஸ் போதும், அது 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை. 8000 ஹெர்ட்ஸ் பேட்டரியைத் தின்னும், கணினியின் செயலிக்கும் சுமை.

இரட்டைக் கிளிக் ஏன் வருகிறது என்று கேட்டிருந்தாய். பட்டனுக்குக் கீழே உள்ள சின்ன சுவிட்சுக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு வளைந்து நிற்கிறது. அழுத்தும்போது அது துள்ளிப் போய் இன்னொரு முனையைத் தொடும். நாளாக ஆகத் தகட்டின் விறைப்பு குறையும், தொடும் முனையில் ஆக்சைடு படியும். மவுஸில் ஓடும் மின்சாரம் மிகச் சிறியது, அந்தப் படிவை எரித்துச் சுத்தம் செய்யும் அளவுக்குப் போதாது. அதனால் ஒரு அழுத்தத்திலேயே தொடர்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது. மவுஸ் அதை இரண்டாக எண்ணுகிறது. மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தை (ஒரு கிளிக்குக்குப் பின் அடுத்ததை ஏற்காமல் விடும் இடைவெளி) கூட்டும் வசதி இருந்தால் கூட்டிப் பார், கொஞ்ச காலம் ஓடும். புதிதாக வாங்கும்போது ஆப்டிகல் சுவிட்ச் கிடைத்தால் எடு: ஒளிக்கற்றையைக் கொண்டு அழுத்தத்தை அறிவதால் இந்தக் கோளாறு அதில் வராது. கிளிக் சிலருக்குச் சற்று மொட்டையாகத் தோன்றும், பழகிவிடும்.

மவுஸ் கைக்கு வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள், இதைச் செய்: இரண்டு பக்கமும் அழுத்திப் பிசை. ஓடு கிறீச்சிட்டாலோ, பிசையும்போது சைடு பட்டன் தானாக அழுந்தினாலோ திருப்பி அனுப்பு. குலுக்கிப் பார், வீலின் லேசான ஆட்டம் பரவாயில்லை, உள்ளே ஏதோ உருளும் சத்தம் கூடாது. வீலை மெதுவாக ஒவ்வொரு படியாகச் சுழற்று. எதிர்த்திசையில் ஒரு படி தாவினால், வீலின் சுழற்சியை எண்ணும் என்கோடர் சரியில்லை. அடியில் உள்ள ஸ்கேட்டுகளை (மவுஸ் வழுக்கி ஓட ஒட்டியிருக்கும் துண்டுகள்) இப்போது பிரிக்காதே. திருகுகள் பெரும்பாலும் அவற்றுக்குக் கீழேதான் இருக்கும், பிரித்தால் திறந்து பார்த்ததாக எடுத்துக்கொள்வார்கள். பின்னாளில் தேய்ந்தால் ஹேர் டிரையரால் சிறிது நேரம் சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் பசையைத் துடைத்து, காய்ந்தபின் புதிய பிடிஎஃப்ஈ (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) ஸ்கேட்டை ஒட்டு. பழைய பசையின் மேலேயே ஒட்டினால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், மவுஸ் தத்தும்.

விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிடு. இல்லையென்றால் கை ஒரே தூரம் போனாலும் வேகத்துக்கு ஏற்ப கர்சர் வெவ்வேறு தூரம் போகும். முதல் சில நாட்கள் குறி தாண்டிப் போகும், அது எடை குறைந்ததால். உடனே சென்சிடிவிட்டியை மாற்றாதே. ஒரு வாரம் கழித்தும் தாண்டினால் கொஞ்சமாகக் குறை.

முழங்கை மேசை உயரத்துக்கு வருகிறதா, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காமல் நேராக இருக்கிறதா என்பதையும் பார். விரல் மரத்துப்போவது தொடர்ந்தால் மவுஸை மாற்றிக்கொண்டே இருக்காமல் மருத்துவரிடம் காட்டு.

அடுத்த கடிதத்தில் கையின் இரண்டு அளவுகளையும், அந்தப் பக்கவாட்டுப் படத்தையும், உள்ளங்கை வியர்க்குமா வறண்டு இருக்குமா என்பதையும் அனுப்பு. வறண்ட கையில் சில மேட் பூச்சுகள் வழுக்கும், கிரிப் டேப் தேவைப்படலாம். அந்த விவரங்கள் வந்தபின் உன் மூன்று மாடல்களில் எதைக் கழிப்பது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்