பீரோவுக்குள் இருந்த மீசைக்காரன்

மன்னார்குடி,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவும் நானும் நலம். மருமகளும் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மழை பிடிப்பதற்குள் ஓடு மாற்றிவிட வேண்டும் என்று பரணை ஒழித்தோம் அல்லவா, அப்போது அகப்பட்ட வீடியோ கேம் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடும்படி தொலைபேசியில் சொன்னாய். நானும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். போடவில்லை; போடுவதாகவும் இல்லை. காரணத்தைத் தொலைபேசியில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக உன்னிடம் மறைத்துவைத்த செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது.

பெட்டி இப்போது என் எதிரே மேசைமேல் இருக்கிறது. வெள்ளையாக வந்த பிளாஸ்டிக் பழுத்த வெற்றிலையின் நிறத்துக்கு மாறியிருக்கிறது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் திருகாணி கழற்றிப் பார்த்தேன். பொத்தானுக்கு அடியில் ரப்பர் தேய்ந்துபோனபோது ரேடியோ கடைக்காரர் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுண்டைக்காய் அளவில் வெட்டி ஒட்டிக் கொடுத்தாரே, அது இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியில் செருகுகிற ஆட்டக் கேசட்டின் அடிப்பக்கத்துப் பற்கள் மட்டும் கறுத்துவிட்டன. அது நம்முடைய வாய்க்காற்றின் வேலை. படம் வராதபோதெல்லாம் கேசட்டை உருவி, அடுப்படியில் ஊதாங்குழலை ஊதுவதைப் போல நீயும் நானும் மாறி மாறி ஊதுவோம். ஊதியதால் படம் வந்தது என்று நினைத்திருந்தோம். உருவி மறுபடி செருகியதால்தான் வந்தது என்றும், எச்சிலின் ஈரம் பற்களை அரிக்கத்தான் செய்தது என்றும் பிற்பாடு எங்கோ படித்தேன்.

அது வீட்டுக்கு வந்த நேரம் நல்ல நேரம் அன்று. 1995இல் காவிரியில் தண்ணீர் வராமல் சம்பா வாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஆண்டு. நம்முடைய ஆறு மா நிலமும் கதிர் வாங்குமுன்னே காய்ந்துகொண்டிருந்தபோது, போர்க்கிணறு போடுவதற்கு என் வளையலை அடகு வைக்க வேண்டும் என்று அப்பாயி கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். நான் வேலைக்குப் போவதே பிடிக்காத அவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. "உங்க அம்மாகிட்ட சொல்லு" என்று அவர்களும், "அப்பாயிடம் போய்ச் சொல்" என்று நானும் உன்னைத் தபால்காரனாக ஆக்கியது அந்த மார்கழியில்தான். அப்படி இருக்கும்போது, 1996 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய கூத்தாநல்லூர் நண்பரிடம் மூன்று தவணையில் தொள்ளாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி அப்பா இந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஏன் வாங்கினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. "வயல் காயுது, இவனுக்கு வாத்து சுடணுமா" என்று அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே கருத்தாக இருந்தோம்.

பெட்டியின் மேல் நிண்டெண்டோ என்கிற ஜப்பான் நிறுவனத்தின் பெயர் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்கிற வீடியோ கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் என்று நீதான் பிறகு சொன்னாய். அசல் பெட்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது நீ பிறந்த அதே 1983ஆம் ஆண்டு ஜூலையில் என்றும் சொன்னாய். கேசட்டின் மேல் அச்சடித்திருந்த ஆயிரக்கணக்கான ஆட்டங்களை நம்பி முதல் நாள் முழுவதும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரே ஆட்டத்தையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. டாங்க் ஆட்டத்தில் அப்பா எதிரியை விட்டுவிட்டு, நாம் காக்க வேண்டிய கழுகைத் தாமே சுட்டு உடைத்துவிடுவார். பெட்டியோடு வந்த விளையாட்டுத் துப்பாக்கியைத் திரையை நோக்கி நீட்டி வாத்து சுடும்போது அப்பாயி எழுந்து போய்விடுவார்கள். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருகிறவர்களுக்குக் களத்துமேட்டில் கஞ்சி ஊற்றியவர்கள் அவர்கள். குண்டு பட்டு வாத்து விழுவதும், குறி தவறினால் நாய் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிப்பதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

நம்மிடம் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ரூபவாகினி தெரிவதற்காக அப்பா உயர்த்திக் கட்டியிருந்த ஆன்டெனாவின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேமின் ஒயரைச் செருகிச் சேனல் குமிழைத் திருப்ப வேண்டும். மாரியோ ஆட்டத்தில் ஓடுகிற அந்த மீசைக்காரன் மாரியோவின் தொப்பி சிவப்பு என்பதே உனக்கு ஓராண்டு கழித்து நண்பன் வீட்டில்தான் தெரிந்தது. ஆனால் வண்ணம் இல்லாததால் நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். மேலே போகிற மேகமும் தரையில் நிற்கிற புதரும் ஒரே படம், கொஞ்சமும் மாற்றமில்லை. நாலு புள்ளிக் கோலம் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதையே வாசலிலும் பூசையறையிலும் போட்டுச் சமாளிப்பவர்களைப் போல, படம் வரைந்தவர்கள் பச்சையும் வெள்ளையும் பூசி ஏமாற்றியிருக்கிறார்கள். இதை அன்று உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அந்த ஆட்டத்தை அவ்வளவு உற்றுப் பார்த்திருந்தேன் என்பது உனக்குத் தெரிந்துவிடும். 1985இல் வந்த அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது, நான் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாவடுப் படம் ஒன்றே அதைவிடப் பெரிது என்று நீ சொன்னபோது, அந்தச் சிக்கனத்தின் காரணம் புரிந்தது.

இனி மறைத்த செய்திக்கு வருகிறேன். 1997 ஜூனில் நீ பத்தாம் வகுப்புக்குப் போனதும், தேர்வு முடியும்வரை தொடக்கூடாது என்று பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆடி மாதம் ஒரு மாலை, நீ டியூஷனுக்குப் போன பிறகு, புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்தேன். எடுத்தது எடுத்தோம், வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடலாமே என்று ஒயரைச் செருகினேன். அரை மணி நேரம் போனது தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நிலைப்படியில் அப்பாயி நிற்கிறார்கள்.

இரவு அப்பா வந்ததும் சொல்லிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை ஆண்டாக நேராக ஒரு வார்த்தை பேசாதவர்கள், புடவைத் தலைப்பால் தரையைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "வாத்த போடாத புள்ள, மீசைக்காரன போடு" என்றார்கள்.

அன்றிலிருந்து மாசி வரைக்கும், டியூஷன் இருந்த நாள்களில், மாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை அந்த ஆட்டம் எங்களுடையது. என் கைப்பையை நீ துழாவுகிறாய் என்று தெரிந்ததும் பீரோச் சாவி அப்பாயியின் சுருக்குப்பைக்குள், வெற்றிலைக்கும் சீவலுக்கும் நடுவில் போய்விட்டது. அவர்களுக்குக் கண்ணில் புரை. மீசைக்காரன் ஓடுவது நிழலாகத்தான் தெரியும். ஆனால் காது கூர்மை. நேரம் நூறுக்குக் கீழே இறங்கியதும் பாட்டு விரைவாகுமே, அதைக் கேட்டதும் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு, "ஓடு புள்ள, பொழுது சாயுது" என்று துடையில் அடிப்பார்கள். தண்ணீருக்குள் நீந்தும் கட்டத்துக்கு மட்டும் பாட்டு நிதானமாக இருக்கும். அப்போது தாம் சிறுமியாகப் பாமணி ஆற்றில் நீந்தியதையும், ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டு அடி வாங்கியதையும் சொன்னார்கள். அந்தக் கதையை அதற்கு முன்னால் எனக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வருகிற மருமகளின் மேல் அவ்வளவு கோபம் எதனால் என்று அன்றுதான் கொஞ்சம் விளங்கிற்று.

எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு ஸ்டேஜ், ஆக முப்பத்திரண்டு. இரண்டாவது ஸ்டேஜிலேயே செங்கல் கூரைக்கு மேலே ஏறி நடந்துபோய்க் குழாய் வழியாக நான்காம் உலகத்துக்குத் தாவுகிற குறுக்குவழியை நீ கற்றுவைத்திருந்தாய். நான் அதைப் பயன்படுத்தவில்லை. ஆசிரியையின் பிடிவாதம் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு கோட்டையின் முடிவிலும், இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று வருவதை நான் தமிழில் படித்துச் சொல்ல, "இவனுங்க சொன்னா சொன்ன இடத்துல இருக்க மாட்டானுங்க" என்று அப்பாயி சலித்துக்கொள்வார்கள். ஏழாம் உலகத்துக் கோட்டையில் சரியான வழியில் போகாவிட்டால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும். மேலே, கீழே என்று வழியை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து விடைத்தாள் கட்டுக்குள் வைத்திருந்தேன். உயிரெல்லாம் போய்விட்டால் மறுபடி முதல் ஸ்டேஜ்தான். ஏ பொத்தானை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்தினால் விட்ட உலகத்திலிருந்தே தொடங்கலாம் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. அன்றே தெரிந்திருந்தால் எத்தனை மாலைகள் மிச்சமாகியிருக்கும் என்று முதலில் ஆத்திரம் வந்தது. மிச்சப்படுத்தி என்ன செய்திருப்போம் என்றும் தோன்றியது.

தை மாதம் எட்டாம் உலகத்தின் மூன்றாவது ஸ்டேஜில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் நாங்கள் இருவரும் வாய்விட்டு அழாத குறை. அந்தப் பெட்டி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. மின்சாரம் நின்றால் அதிகபட்ச மதிப்பெண்கூட அழிந்துவிடும். நீ கண்டுபிடிக்காமல் போனதற்கும் அதுதான் காரணம். தேர்வு முடிந்து பெட்டியை உன்னிடம் கொடுத்தபோது, கேசட்டில் தூசியே இல்லையே என்று நீ கேட்டாய்; துடைத்து வைத்தேன் என்றேன்.

மாசியில் ஒரு புதன்கிழமை முடித்தேன். கோடரியைத் தொட்டதும் பாலம் அறுந்து அந்த ஆமை ராட்சசன் விழுந்தான். கதவுக்கு அப்பால் இளவரசி நின்றிருந்தாள். நன்றி மாரியோ, உன் தேடல் முடிந்தது, இனி உனக்குப் புதிய தேடல் ஒன்று தருகிறோம் என்று எழுத்துகள் வந்தன. படித்துச் சொன்னேன். அப்பாயி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தவனுக்கு ஒரு வாய் மோர் குடுக்கலையா?" என்றார்கள். பிறகு மறுபடி முதல் ஸ்டேஜே தொடங்கிற்று. காளான் போல நடந்துவருகிறவர்களுக்குப் பதிலாக, நெருப்பாலும் சாகாத ஓட்டுப் பூச்சிகள் வந்தன. அதற்குள் தெருமுனையில் உன் சைக்கிள் மணி கேட்டது.

கடைசி ஸ்டேஜை முடித்தால் கல்யாணம் நடக்கும், வாணவேடிக்கை விடுவார்கள் என்று நீ நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்ததை, அந்தக் கோடை விடுமுறையில் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பாயி என்னைப் பார்த்தார்கள்; நான் அவர்களைப் பார்த்தேன். அந்த வைகாசியில்தான் போர் போட்டோம். வளையலை நானே கழற்றிக் கொடுத்தேன். அதற்கு மாரியோ காரணம் என்று சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை, கொடுத்தேன், அவ்வளவுதான்.

2021 டிசம்பரில், ஃபேமிகாமை வடிவமைத்த மசயுகி உயெமுரா காலமானார் என்று நீ எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். ஆழ்ந்த இரங்கல் என்று இரண்டே சொல்லில் பதில் போட்டேன். அன்று மாலை அப்பாயி படத்துக்குப் பூ வைக்கும்போது அவரையும் நினைத்துக்கொண்டேன் என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பெட்டியை அப்பாயியின் நூல்புடவை ஒன்றில் சுற்றி மறுபடி பரணில் வைக்கப் போகிறேன். இனி அங்கே ஒழுகாது. நீ வாங்கித் தந்த தட்டைத் தொலைக்காட்சியில் செருகிப் பார்த்ததில் படம் நன்றாக வந்தது. துப்பாக்கி மட்டும் சுடவில்லை. அது பழைய குழாய்த் தொலைக்காட்சியின் ஒளியைப் பார்த்துத்தான் குறி சொல்லுமாம். வாத்துகள் பிழைத்தன. பத்து நிமிடத்தில் அடாப்டரும் கருகிவிட்டது. இங்கே இரண்டு கடையில் கேட்டேன், இல்லை என்கிறார்கள். பெட்டியின் அடியில் 9 வோல்ட் என்று போட்டிருக்கிறது. முனையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் ஒன்று வாங்கி வா.

அன்புடன்,
அம்மா