சம்பளப் பட்டியலில் வராத விஷயம்

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய கால்பந்து வீரர்களின் சம்பளப் பட்டியலை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். கோடிகளில் புரளும் இவர்களுக்கு என்ன குறை என்ற தொனியில் கட்டுரை முடிந்திருந்தது. சம்பளம் கோடியில்தான், சரி. ஒத்துவராத முதலாளியை விட்டுவிட்டு வேறு இடம் தேட முடிந்ததா என்பதையும் பார்க்க வேண்டாமா?

ரியல் மாட்ரிட்டில் ஆடிய பிரெஞ்சு வீரர் லசானா தியாரா, 2013-ல் மாஸ்கோவின் லோகோமோட்டிவ் கிளப்புடன் நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். மறு ஆண்டே தகராறு. கிளப் ஒப்பந்தத்தை முறித்ததோடு, நஷ்டஈடு கேட்டு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடமும் போனது. தியாரா 1.05 கோடி யூரோ கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அதுகூடப் பரவாயில்லை. 2015-ல் பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா கிளப் அவரை எடுக்க முன்வந்தது. ஆனால் பதிவுச் சான்றிதழ் வர வேண்டும், நஷ்டஈடு தன் தலையில் விழாது என்ற உறுதியும் வேண்டும் என்றது. இரண்டுமே நடக்கவில்லை. அன்றைய ஃபிஃபா விதிப்படி நஷ்டஈட்டுக்குப் புதிய கிளப்பும் பொறுப்பு. தகராறு தீரும்வரை பழைய கிளப் இருக்கும் நாட்டின் கால்பந்துச் சங்கம் சான்றிதழும் தராது. ரிலீவிங் லெட்டருக்கு அலைந்தவர்களுக்கு இந்த வலி புரியும். கால்பந்திலோ வேலை கொடுக்க வருபவரையும் சேர்த்தே கடனாளி ஆக்குகிறார்கள்! நல்ல ஆட்ட வயதில் ஒரு சீசன் முழுக்க அவர் களமிறங்கவில்லை.

தியாரா தொடுத்த வழக்கில், இந்த விதிகள் தொழிலாளர் இடம்பெயரும் உரிமைக்கும் போட்டிச் சட்டத்துக்கும் எதிரானவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 4-ல்தான்.

கோடீஸ்வரர் பிரச்சினைதானே என்பவர்கள் பெல்ஜிய வீரர் ஷான்-மார்க் பாஸ்மானை நினைத்துப் பார்க்கட்டும். அவர் நட்சத்திரம் அல்ல. 1990-ல் அவர் ஆடிய பெல்ஜியத்தின் லியேஜ் கிளப் அவர் சம்பளத்தைக் கால்வாசியாக வெட்டியது. பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றால், ஒப்பந்தமே முடிந்த ஆளுக்கும் விலை கேட்டது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 1995 டிசம்பரில் ஜெயித்தார். ஆட்ட வாழ்க்கை அதற்குள் போய்விட்டது. பலனை அனுபவித்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். இரண்டு வழக்குகளிலும் வாதாடியவர்களில் ஷான்-லூயி தூபோன் என்ற அதே பெல்ஜிய வழக்கறிஞர் இருந்தார்.

2024 டிசம்பரில் ஃபிஃபா விதிகளைத் தற்காலிகமாகத் திருத்தியது. வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ அதை ஏற்கவில்லை. இந்த இழுபறியைப் பற்றியும் எழுதுங்கள். சம்பளப் பட்டியலுக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

– ஒரு வாசகர், திருச்சி