பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

மணிகண்டம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி இப்ப பரவாயில்ல. தம்பிக்கு ரிவிஷன் டெஸ்ட் நடக்குது, புத்தகத்துக்குள்ள போனை வச்சுப் படிக்கிறான். கருப்பி ரெண்டு குட்டி போட்டிருக்கு, ரெண்டும் கிடா.

என்னடா அப்பா லெட்டரெல்லாம் எழுதுறாருன்னு நினைப்ப. வாட்ஸ்அப்ல எழுதலாம்னா, ரூம்ல உன் போனை யார் யாரோ எடுத்துப் பாக்குறாங்கன்னு நீதான் சொன்ன. கூப்பிட்டா ‘கிரவுண்டுல இருக்கேன்ப்பா’, இல்லன்னா ‘தூக்கம் வருதுப்பா’, அதோட வச்சிடுற. செல்வம் மாமா பையன் பெங்களூர் கிளம்புறான். முறுக்கும் எள்ளுருண்டையும் கொடுத்துவிடுறோம், அந்தப் பையிலயே இதையும் வைக்கிறேன். தனியா இருக்கும்போது படி.

முதல்ல 400 மீட்டர்ல நீ ஓடின அந்த 53.4 செகண்டு. வீடியோவைப் பார்த்துப் பார்த்து என் போன்ல சார்ஜே நிக்கிறதில்ல. கடைசி வளைவுல நாலாவதா வர்ற, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா பின்னால போறாளுங்க. டெப்போவுல காட்டாத ஆள் இல்ல. அந்தோணி டிரைவர், ‘கண்டக்டரே, இனிமே நீங்க எதுக்கு டிக்கெட் கிழிக்கணும், பொண்ணு ரயில்வேல உக்காந்துட்டு உங்களுக்குப் பாஸ் வாங்கித் தரும்’ங்கிறார். நம்ம வம்சத்துல யாரு இப்படி ஓடினா? உங்க தாத்தா போலீஸைக் கண்டு ஓடினதுதான் இதுவரைக்கும் ரெக்கார்டு.

ஐப்பசியில நீ ஓடினது 55.8. நாலு மாசத்துல 53.4.

நான் ஒண்ணும் சொல்லல. ஆறாங்கிளாஸ்லேர்ந்து உன்னை அண்ணா ஸ்டேடியத்துக்குச் சைக்கிள்ல கூட்டிட்டுப் போனவன், 400 மீட்டர் எனக்கும் கொஞ்சம் தெரியும். அரை செகண்டு குறையறதுக்கு நீ ஒரு வருஷம் அழுதிருக்க. புது கோச், நல்ல சாப்பாடு, வெயிட் டிரெயினிங், இதெல்லாம் சேர்ந்தா குறையும். குறையட்டும். அதுக்குத்தானே அனுப்பினோம். அம்மா என்னைத் திட்டுறா, போனை எடுத்ததும் புள்ளகிட்ட சாப்பிட்டியான்னு கேக்காம டைமிங் என்னன்னு கேக்குறேனாம். பஸ்ஸுல வேலை பாக்குறவன் வேற எதைக் கேப்பான்?

சாப்பாட்டை விட்டுடாத. மெஸ்ஸுல முட்டை, பால் எவ்வளவு கொடுக்குறாங்களோ கேட்டு வாங்கிச் சாப்பிடு. வெளியில யாரு எதைக் கொடுத்தாலும் வாங்காத. சீனியர் அக்கா கொடுத்தாலும் சரி, ‘இது வெறும் புரோட்டீன்தான், எல்லாரும் எடுக்குறாங்க’ன்னு சொன்னாலும் சரி. கோச் கொடுத்தா என்ன பேரு, எந்தக் கடை, பில் எங்கன்னு கேளு. கேட்டா கோவிச்சுக்கிற கோச்சா இருந்தா எனக்கு போன் போடு, நான் கேக்குறேன்.

2010-ல குவாங்சோ ஆசிய விளையாட்டுல நம்ம பொண்ணுங்க 4x400 மீட்டர் ரிலேல தங்கம் வாங்கினப்ப நீ என் மடியில உக்காந்து டிவி பார்த்த. உனக்கு ஞாபகம் இருக்காது. அந்த நாலு பேர்ல மூணு பேரு அடுத்த வருஷமே ஊக்கமருந்துல மாட்டினாங்க. உக்ரைன்லேர்ந்து வந்த கோச் சீனாவுல வாங்கிக் கொடுத்த ஜின்செங்ங்கிற வேர் மருந்துலதான் கலந்திருக்கணும்னு சொன்னாங்க. சர்க்கார் அந்தக் கோச்சை வேலையை விட்டு எடுத்துச்சு. அந்தாளுக்கு அதோட முடிஞ்சது. பொண்ணுங்களுக்கு முதல்ல ஒரு வருஷம் தடை, அப்புறம் அந்த சர்வதேச விளையாட்டுக் கோர்ட்டு அதை ரெண்டு வருஷமாக்கிச்சு. வாங்கிக் கொடுத்தது யாருங்கிறது அங்க செல்லல பாத்துக்க.

நம்ம பையில டிக்கெட் கணக்குக்கு மேல பணம் இருந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். செக்கிங் ஏறி எண்ணிப் பார்த்து பத்து ரூபா கூட இருந்தாலும் மெமோதான். பாட்டி மறந்து விட்டுட்டுப் போன சில்லறைன்னு சொல்லு, டீ குடிக்க வச்சிருந்த சொந்தக் காசுன்னு சொல்லு, பையில இருந்துச்சா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. உங்க உடம்பும் அப்படித்தான். எப்படி உள்ள வந்துச்சுங்கிறது தடை எத்தனை வருஷம்னு பேசறப்பதான் வரும். மாட்டினது மாட்டினதுதான்.

முடிகண்டம் கோமதி 2019-ல தோஹாவுல 800 மீட்டர் தங்கம் வாங்கினப்ப நம்ம மதுரை ரோட்டு வண்டியில வேற பேச்சே இல்ல. நீ அப்பத்தான் ஸ்பைக்ஸ் வேணும்னு அடம் பிடிச்ச, மறுநாளே நான் வாங்கிட்டு வந்தேன். நான்ட்ரோலோன்ங்கிற ஊக்கமருந்துன்னு சொல்லி மெடலைப் பறிச்சு நாலு வருஷம் தடை போட்டாங்க. தெரிஞ்சு எதையும் எடுக்கலன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லிச்சு. எனக்கு என்ன தெரியும்? தங்கம் வாங்கினப்ப எங்க ஊரு எங்க ஊருன்னு சொன்ன வாய்தான் அப்புறம் ‘அப்பவே நினைச்சேன்’னு சொல்லிச்சு. அதை நான் காதால கேட்டேன். குண்டூர் தனலட்சுமி 2022-ல காமன்வெல்த்துக்குப் போக வேண்டியவ, போக முடியல, தடையில மூணு வருஷம் போச்சு. ரெண்டு பேரும் நம்ம பக்கத்துப் புள்ளைங்க. ரெண்டும் கஷ்டப்பட்ட குடும்பம். வசதியான வீட்டுப் புள்ள மாட்டினா வக்கீல் வைப்பாங்க. நம்மகிட்ட என்ன இருக்கு, பெரியப்பாகிட்ட இருக்கிற பத்திரத்தைத் தவிர?

இதையெல்லாம் எதுக்கு எழுதுறேன்னு கோவிச்சுக்காத. கொஞ்ச நாளா நான் இதைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். 2023-ல நம்ம நாட்டுல 5,606 சாம்பிள் எடுத்ததுல 213 சாம்பிள் மாட்டியிருக்கு. அதே வருஷம் செப்டம்பர்ல டெல்லியில ஸ்டேட் மீட், ஊக்கமருந்து சோதனை பண்ற நாடாக்காரங்க வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் பாதிப் பேரைக் காணோம். ஆம்பளைங்க 100 மீட்டர் ஃபைனல்ல ஒரே ஒருத்தன் நின்னு ஓடியிருக்கான். ஸ்டீப்பிள்சேஸ்னு தடை தாண்டி ஓடுற ரேஸ் ஓடின சின்னப் பொண்ணு ஒண்ணு, கோட்டைத் தாண்டியும் நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சாம், சாம்பிள் எடுக்க வந்தவரு பின்னாலயே ஓடினாராம். டெப்போவுல இதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்? ரேஸ் ஓடி முடிச்ச காலோட இன்னும் ஓடியிருக்கு. அதுக்கு யாரு என்ன கொடுத்திருப்பாங்க, என்ன சொல்லிக் கொடுத்திருப்பாங்கன்னு அன்னைக்கு நைட் டிரிப் பூரா அதே நினைப்பு. ஒரு ஸ்டேஜ்ல விசில் அடிக்க மறந்துட்டேன்.

நீ எப்பவும் ஓடி ஒளியாத. சாம்பிள் கொடுக்க மாட்டேன்னாலும் நாலு வருஷம்தான். கொடுத்ததையும் பத்து வருஷம் வரைக்கும் எடுத்து வச்சிருந்து திரும்பச் சோதிக்கலாமாம். அந்த சாம்பிளை ஒரு பொம்பள ஆபீசர் பக்கத்துல நின்னு பார்த்துதான் எடுப்பாங்கன்னு படிச்சேன். இதை ஒரு அப்பன் பொண்ணுக்கு எழுதற நிலைமை. விடு.

பொங்கலுக்கு நீ வந்திருந்தப்ப மேலப்பட்டி அத்தை பேசினது உன் காதுல விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தோளு ஆம்பள மாதிரி ஆயிடுச்சு, மூஞ்சியெல்லாம் பரு, குரல் என்ன இப்படிக் கரகரங்குது, இவளை யாரு கட்டுவான்னு. ஓடுற புள்ள ஓடுற புள்ள மாதிரிதான் இருக்கும், உன் மகன் மாதிரி உக்காந்தே இருந்தா மெத்தை மாதிரி இருக்கும்னு நான் கொடுத்தேன். அதுலேர்ந்து அவ பேச்சு இல்ல, அது ஒரு நிம்மதி. உன் தோளைப் பார்த்தா எனக்குப் பெருமைதான். அதை யாருக்காகவும் துப்பட்டா போட்டு மூடாத. குரல் குளிர்லன்னு நீ சொன்ன. பெங்களூர்ல பனி ஜாஸ்தியா இருக்கும்தான். அம்மாவும் மிளகுப்பால் போட்டுக் கொடுத்தா. சரியாப் போச்சா இல்லையான்னு நீ இன்னும் சொல்லல. போன்ல எனக்குச் சரியான மாதிரி தெரியல.

 

நாடாவே ஒரு ஆப் விட்டிருக்கு, ‘நோ யுவர் மெடிசின்’னு பேரு. தம்பிகிட்ட சொல்லி என் போன்ல ஏத்தி வாங்கினேன். மருந்துப் பேரைப் போட்டா எடுக்கலாமா கூடாதான்னு சொல்லுது. வீட்டுல இருக்கிற மாத்திரையெல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். இருமல், சளி மருந்துலயே சிலதைப் போட்டி அன்னைக்கு எடுக்கக் கூடாதாம். நாட்டு மருந்து, லேகியம், இதெல்லாம்கூட ஜாக்கிரதைன்னு இருக்கு, அதனாலதான் இந்தத் தடவை தாத்தா லேகியம் அனுப்பல. எள்ளுருண்டை மட்டும்தான், எள்ளும் வெல்லமும் நான் வாங்கினது.

ஆனா அந்த ஆப்புல பேர் இருந்தாத்தான் தேட முடியும். பேரே ஒட்டாத வெள்ளை டப்பாவை என்னன்னு போட்டுத் தேடுறது பாப்பா?

உன் பையை நான் குடையல. நீ ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு ஆதார் ஜெராக்ஸ் வைக்கச் சொன்ன, சைடு ஜிப்பைத் திறந்தேன், இருந்துச்சு. பாதி மாத்திரை தீர்ந்திருந்துச்சு. அப்படியே வச்சு மூடிட்டேன். ஊர்லேர்ந்து ஜங்ஷன் வரைக்கும் உன் பக்கத்துலதான் உக்காந்து வந்தேன், கேக்க வாய் வரல. நீயும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்த.

அது கால்சியமா இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையா இருக்கலாம், உனக்கு ரத்தம் கம்மின்னு முன்னாடியே டாக்டர் சொல்லியிருக்காங்க. அப்படின்னா என்னைத் திட்டு, நான் வாங்கிக்கிறேன். கால்சியம்னா அட்டையில வரும், டப்பாவுல வந்தா மேல பேரு இருக்கும். ஆள் கையில கொடுத்தது எதுவும் மருந்து இல்ல.

கொடுத்தது யாருன்னு சொல்லு. போதும். அவன்கிட்ட நான் சண்டைக்கு வர மாட்டேன். நீ பண்ண வேண்டியது, இன்னைக்கே அதை நிறுத்து. தூக்கி எறிஞ்சிடாத, அப்படியே பத்திரமா எடுத்து வை, அதுல என்ன இருக்குன்னு நாளைக்கு யாராவது கேட்டா காட்ட வேணும். அடுத்த மாசம் மீட்டுக்குப் பேர் கொடுத்திருந்தா கால் பிடிச்சிருக்குன்னு சொல்லி எடுத்துடு. நோட்டீஸ்னு ஏதாவது வந்தா 20 நாளைக்குள்ள ஒத்துக்கிட்டா நாலு வருஷத்துல ஒரு வருஷம் குறையும்னு போட்டிருக்கு. அது வரைக்கும் படிச்சு வச்சிருக்கேன் நான். அதுக்கெல்லாம் போகாதுன்னு நம்புறேன், ஆனா படிச்சு வச்சிருக்கேன்.

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம். நம்ம கவர்மெண்ட்லயும் விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் இருக்கு. உனக்கு இருபது வயசுதான். வீட்டு லோன் என் பேர்ல இருக்கு, உன் பேர்ல இல்ல, எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. 55.8 ஓடினப்பவும் நான் டெப்போவுல காட்டினேன், அப்பவும் அந்தோணி டிரைவர் இதேதான் சொன்னார். திரும்ப 55.8 ஓடினாலும் காட்டுவேன். யாராவது ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டா ரோட்டுல டிராஃபிக்னு சொல்லிக்கிறேன்.

ஒண்ணுதான் எனக்குப் பொறுக்கல. ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் ரேஸ்ல லைன் மாத்தி ஓடி டிஸ்குவாலிஃபை ஆனப்ப ஊரே கேக்குற மாதிரி அழுதுக்கிட்டு நேரா என்கிட்ட வந்த. இப்ப ஒரு டப்பாவை சைடு ஜிப்புல வச்சிக்கிட்டு என் பக்கத்துல வழி பூரா உக்காந்து வர்ற. அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா நீ?

செவ்வாய்க்கிழமை எனக்கு வீக்லி ஆஃப். பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் அம்மா மகளிர் குழு மீட்டிங் போயிடுவா, தம்பி ஸ்கூல்ல இருப்பான். அப்பக் கூப்பிடு. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, லெட்டர் வச்சதும் தெரியாது. செவ்வாய் கூப்பிடலன்னா புதன் நைட் வண்டியில நான் அங்க இருப்பேன், லீவு எழுதிக் கொடுத்துட்டேன்.

அப்பா