கேஸ் ஷீட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்கும் இடம் கொடுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் செயலாளருக்கும்,

வணக்கம்.

நான் டெல்டா பகுதியில் ஓர் உளவியல் ஆலோசகர். புற்றுநோய் முற்றிய நிலையில் வீட்டோடு இருப்பவர்களைப் போய்ப் பார்த்துப் பேசுவதுதான் என் வேலை. ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன். தீராத நோயோடு இருப்பவரிடம் பயிற்சி பெற்ற ஒருவர் நாலைந்து முறை உட்கார்ந்து பேசுவதையும் சிகிச்சையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆள் போடுங்கள், நேரம் ஒதுக்குங்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் ஊர்களில் என்ன செய்திருக்கிறது என்பதை நேரில் பார்ப்பவள் நான். நடக்க முடியாதவரின் வீட்டுக்கே செவிலியர் வந்து புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவதெல்லாம் முன்பு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். வலி அடங்காமல் யாரிடமும் எதையும் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும். முதலில் வலியை அடக்கும் மார்ஃபின், அப்புறம்தான் பேச்சு. ஆனால் வலி கொஞ்சம் விட்ட பிறகுதான் மனசில் கிடப்பதெல்லாம் மேலே வருகிறது. அந்த நேரத்தில் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு." அதோடு நோயாளியின் வாய் அடைத்துப்போகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்த ஒரு அம்மா. நாற்பதைத் தாண்டியவர். "புண்ணுதான், ஆறிடும்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். வாசலிலேயே அவருடைய அண்ணன் என்னை நிறுத்தி, "வியாதி பேரை மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்று கும்பிட்டார். நான் சொல்லவில்லை. முதல் முறை தூக்கம் வராததைப் பற்றி மட்டும் பேசினார். இரண்டாம் முறை, அண்ணி காபி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "கரண்டு வைக்கிற எடத்துல என்கூட உக்காந்திருந்தவங்க எல்லாருக்கும் கேன்சருதானே?" என்று கேட்டார். கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான் 'கரண்டு வைப்பது' என்கிறார். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அண்ணன் தாங்க மாட்டார் என்று அவர் மறைக்க, தங்கை தாங்க மாட்டாள் என்று அண்ணன் மறைக்க, ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாகத் தவித்திருக்கிறார்கள். மகளுக்கென்று சேர்த்த நகை அடகில் இருந்தது. ரசீது எங்கே என்பது அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதை எடுத்துக் கொடுத்தால் தான் போகப்போவதைத் தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்திருக்கிறார். மூன்றாம் முறை அண்ணனையும் கூட உட்கார வைத்தோம். நான் பேசியது ரொம்பக் கொஞ்சம். ரசீது அரிசி டின்னுக்கு அடியிலிருந்து வந்தது. நோய் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் பிறகு அவருக்கு ராத்திரித் தூக்கம் வந்தது. மகளைப் பற்றி அண்ணனிடம் ஒளிக்காமல் பேசினார்.

இதை என் கைராசி என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கென்று முறைகள் இருக்கின்றன, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் டொராண்டோ நகரின் பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையத்தில் கேரி ரோடின் குழுவினர் 'காம்' (CALM) என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கினார்கள். மூன்று முதல் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள். உடல் உபாதைகளும் டாக்டரோடு பேசுவதும், தன்னிடமும் உறவுகளிலும் வந்த மாற்றம், வாழ்க்கையின் அர்த்தம், எதிர்காலமும் மரணமும் என்று நாலு விஷயங்களைச் சுற்றிப் பேச்சு போகும். வேண்டுமானால் கணவனோ மனைவியோ பிள்ளைகளோ கூட உட்காரலாம். புற்றுநோய் முற்றிய 305 பேரிடம் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட, இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மனச்சோர்வு குறைவாக இருந்தது. பிரமாதமான வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளுக்கு நாள் உடம்பு தளர்ந்துகொண்டே போகிறவரிடம் இது கிடைப்பது சாதாரணம் இல்லை. கனடாவிலேயே வினிபெக்கில் ஹார்வி சோச்சினோவ் வகுத்த முறை இன்னும் சுருக்கமானது. நோயாளி தன் வாழ்க்கையில் முக்கியமென்று நினைப்பதைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவர் கையிலேயே கொடுக்கிறார்கள். தன் குடும்பத்துக்கு அவர் அதை விட்டுச் செல்லலாம்.

நமக்கும் இது முற்றிலும் புதிது இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நோயாளிகளின் மனநிலையைக் கவனிக்கவே தனித் துறை இருக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து, அல்லது "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலோடு, பஸ் ஏறி ஊர் திரும்புகிறவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அவசரத்துக்கு அது நல்ல உதவிதான். ஆனால் இந்தப் பேச்சுக்குப் போன வாரம் வந்த அதே ஆள் இந்த வாரமும் வர வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

மனநல மருத்துவர்கள் போதாதே என்பீர்கள். உண்மைதான். தீவிர மனச்சோர்வு உள்ளவர், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். மற்றவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள சமூகப் பணியாளரோ உளவியலாளரோ செவிலியரோ போதும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு ஏற்கெனவே இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணிப் பட்டமேற்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் இத்தனை வீடு பார்த்தேன் என்று ஏற்கெனவே கணக்கு காட்ட வேண்டிய செவிலியரின் தலையில் இதையும் கட்டிவிடாதீர்கள். ஒருவர் அழும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார யாராலும் முடியாது.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்து ஆறு அமர்வுகளுக்கும் அதில் இடம் கொடுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். வாரம் இரண்டு மூன்று முறை மணிக்கணக்கில் ஊசியோடு படுத்திருப்பவர்கள் அவர்கள், பேச ஆள் அங்கேயே தேவை. எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் முடியாது என்றால் ஒரு மாவட்டத்தில் தொடங்குங்கள், ஒரு வருஷம் பாருங்கள். பயிற்சிப் பாடம் தமிழில் வேண்டும், அதுவும் "கரண்டு வைக்கிற எடம்" என்று பேசுகிறவருக்குப் புரிகிற தமிழில். அதை எழுதிக் கொடுக்கவும் வகுப்பு எடுக்கவும் என்னைப் போன்றவர்கள் தயார். எந்த அலுவலகத்துக்கு, என்றைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஓர் உளவியல் ஆலோசகர்