அண்ணனின் கேசட்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அண்ணன் போன செய்தியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. மற்றபடி இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதனால் ராத்திரியில் பாட்டுக் கேட்பது மறுபடியும் தொடங்கியிருக்கிறது.

கேட்பதெல்லாம் அண்ணன் நமக்குப் பதிவு செய்து கொடுத்த அந்த 90 நிமிடக் கேசட்டில் இருந்தவைதான். ஒரு பக்கம் பதினேழாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஃப்ரோபர்கரின் ஹார்ப்சிகார்ட், பியானோவுக்கு முந்தைய வாத்தியம்; மறுபக்கம் ஜாஸ்காரர் சார்லஸ் மிங்கஸ். இடம் மிச்சமிருந்ததால் ஜாஸைப் போட்டு நிரப்பிவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

1652இல் பாரிஸில் பிளான்ரோஷே என்ற, லூட் எனும் தந்தி வாத்தியக் கலைஞர் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். ஃப்ரோபர்கர் அப்போது கூடவே இருந்தவர். நண்பனுக்காக அவர் எழுதியதுதான் கேசட்டில் அவர் பக்கத்தின் கடைசியில் வருமே, அது. தாளம் பார்க்காமல் மனம்போல நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது அவர் குறிப்பு. ஹார்ப்சிகார்டில் தந்தியைச் சுண்டத்தான் முடியும், விரலை அழுத்தி ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, அதனால் சுரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு, தொட்டதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். இது லூட்காரர்களின் வழக்கம். செத்துப்போனவனின் கைப்பழக்கத்திலேயே அவனுக்காக அழுதிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவில் சுரங்கள் மேலிருந்து அடிமட்டம்வரை ஒரே இறக்கமாக இறங்கி நின்றுவிடுகின்றன. இரண்டு வருஷம் கழித்து இளவரசர் நான்காம் ஃபெர்டினாண்ட் இறந்தபோது எழுதியதில் இதற்கு நேர்மாறாகச் சுரங்கள் சொர்க்கத்துக்கு ஏறிப்போகும். எனக்கு அந்தப் படி இறங்குவதுதான் மனதை அறுக்கிறது.

இந்த மாதிரி அஞ்சலிக்கு அவர்கள் தோம்போ என்று பெயர் வைத்திருந்தார்கள், கல்லறை என்று அர்த்தம். பிளான்ரோஷேவுக்கு லூயி கூப்பரின் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஒன்று எழுதினார், சக லூட்காரர்கள் இரண்டு பேரும் எழுதினார்கள். அப்புறம் வைஸ் என்ற ஜெர்மன் லூட்காரர் 1721இல் லோகி பிரபுவுக்காக எழுதிய லூட் தோம்போவைக் கட்டாயம் கேள், அந்தப் பிரபுவும் லூட் வாசித்தவர்தான். பி ஃப்ளாட் மைனர் என்ற சுரவரிசையில் எழுதியிருக்கிறார். அந்தக் கால லூட்டை டி மைனரில் சுதி சேர்ப்பார்கள், அதன் சுரங்கள் பல இதற்குப் பொருந்தாது, ஆகவே மேல்தந்திகளில் பலவற்றைத் திறந்து ஒலிக்கவிட வழியில்லை, பெரும்பாலும் விரல் வைத்து அழுத்தித்தான் வாசிக்க வேண்டும். குரல் அடைத்துக்கொண்டவன் பேசுவது போல இருக்கும்.

சரி, இப்போது கேசட்டைத் திருப்பு. 1959 மார்ச்சில் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் இறந்தார், மே மாதமே மிங்கஸ் ‘குட்பை போர்க் பை ஹேட்’ பதிவு செய்துவிட்டார். லெஸ்டர் எப்போதும் போட்டிருந்த தொப்பியின் பெயரை வைத்து அவருக்கு விடை கொடுக்கிறார். ஜான் ஹேண்டியின் சாக்ஸஃபோன் ஓரிடத்தில் நாக்குப் புரள நடுங்குமே, இருபது வயதில் அதை நாம் வித்தை என்று ரசித்தோம். அது விம்மல் என்று இப்போதுதான் கேட்கிறது.

ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸும் 1963இல் இதையே செய்தார். அந்த ஜனவரியில் சக பியானோக்காரர் சன்னி கிளார்க் இறந்திருந்தார், அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு ‘என்ஒய்சிஸ் நோ லார்க்’ என்று தலைப்பு வைத்தார். தன் வாசிப்பின் மேலேயே மறுபடி மறுபடி பதிந்து, மூன்று பியானோவையும் அவரே வாசித்திருக்கிறார். அண்ணன் இதைச் சேர்க்கவில்லை, ஃப்ரோபர்கருக்குப் பிறகு நானாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் எதையோ தேடித் தேடித் தொடும் அதே விரல்தான்.

அண்ணன் தெரிந்துதான் சேர்த்தாரா என்று இனி யாரைக் கேட்பது? கேசட் எப்போதோ சிக்கிக் கிழிந்துவிட்டது. அதன் உள்ளட்டையில் பச்சை மையில் பாட்டுகளின் பெயரை எழுதியிருந்தாரே, அது உன் பெட்டியில் கிடக்கிறதா என்று கொஞ்சம் பார். இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு, இரண்டு பக்கமும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்