டிசம்பரில் வராதே, மகள்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

டிசம்பர் விடுமுறைக்கு விமானச் சீட்டுப் பார்ப்பதாக மருமகன் சொன்னார். இலங்கைக்குப் போக நல்ல காலம் டிசம்பர் என்று எங்கேயோ வாசித்தாராம். பொய் இல்லை. ஆனால் அது தெற்குக் கரையில் காலிக்கும் மிரிஸ்ஸவுக்கும் போகிறவர்களுக்குச் சொன்னது. உன் அம்மா இருப்பது கிழக்குக் கரையில், உப்புவெளியில்.

போனமுறை டிசம்பரில் வந்து நின்ற பத்து நாட்களை மறந்துவிட்டாயா? சின்னவளின் உடுப்புகள் கொடியில் மூன்று நாள் தொங்கியும் காயாமல், கடைசியில் குசினிக்குள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினேன். ரொறன்ரோவில் பெட்டியைத் திறந்தபோதும் புகை மணந்தது என்று நீதானே சொன்னாய்? பக்கத்து நிலாவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால், கலங்கிய கடல் இரைந்துகொண்டு நிற்கிறது. படகெல்லாம் கரையேற்றிக் கிடக்கிறது. "படத்தில் இருந்த நீலக் கடல் எங்கே, அம்மம்மா?" என்று பிள்ளை கேட்டாள். நான் என்ன சொல்ல?

அப்பா முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவர். அவரிடம் கேட்டால் கரும்பலகை தேடுவார், அதனால் நானே சொல்கிறேன். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று. அது கொண்டுவரும் மழையை இரத்தினபுரிப் பக்கமும் மலைநாடும் வாங்கிக்கொள்ளும். மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது அனல்தான் மிச்சம். அதுதான் கச்சான் காற்று. (கச்சான் என்றதும் உனக்கு நிலக்கடலைச் சுருள்தான் நினைவுக்கு வரும்.) தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் எங்கள் கரையில் அலை படுத்துக் கிடக்கும். மார்கழியில் தலைகீழ். வாடைக்காற்று வங்கக் கடலிலிருந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடும்; தெற்கில் கடல் அடங்கிவிடும். மேற்குக் கரை நீர்கொழும்பு மீனவர்களுக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. சித்திரையில் இங்கே வந்து கரையில் வாடி, அதாவது தற்காலிகக் குடில், அடிக்கிறார்கள், மாரி தொடங்கும் முன்னே மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

நவம்பரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது நான் மட்டக்களப்பில் இருந்தேன், 15 வயது. விடிந்தபோது எங்கள் வளவுத் தென்னைகளில் இரண்டுதான் நிமிர்ந்து நின்றன. இன்றைக்கும் கார்த்திகையில் காற்று இரைந்தால் எனக்கு நித்திரை இல்லை.

உங்கள் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் விடுகிறதல்லவா? ஜூலை முதல் வாரமே வாருங்கள். பாலைப்பழம் முடிந்திருக்காது. ஒரு கை தின்று, உதடு இரண்டும் பசை போல ஒட்டிக்கொண்டு நீ அழுதாயே, அதே பழம். காலை வெயில் ஏறும் முன் புறாத்தீவுக்குப் போகலாம். நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். முழங்காலளவுத் தண்ணீரில் நின்றாலே மீன்கள் காலைச் சுற்றும். பவளத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. 2003இல் அந்தத் தீவைத் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். ஆகஸ்ட் வரை நின்றால், மின்னேரியாக் குளம் வற்றிய கரையில் யானைகள் கூட்டம் கூட்டமாகப் புல் மேய்வதையும் பார்க்கலாம்.

வெயில் கடுமைதான், மறைக்கவில்லை. கிணறும் அடியில் கிடக்கும். வாளி வாளியாக அள்ளிக் குளிக்க முடியாது. 11 மணிக்குப் பிறகு பிள்ளையை முற்றத்துக்கும் விடமாட்டேன்.

மருமகனுக்கு டிசம்பரில்தான் லீவு என்றால், காலிப் பக்கம் ஒரு வாரம் அறை எடுங்கள். நானும் அப்பாவும் அங்கே வருகிறோம். பேத்தியைப் பார்க்க எனக்கு எந்தக் கடலும் சரி. ஆனால் என் கை இடியப்பமும் சொதியும் அங்கே கிடைக்காது, அதையும் அவரிடம் சொல்.

சின்னவளின் கால் அளவை இந்த வாரமே அனுப்பு. புறாத்தீவுக் கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள். வெறுங்காலுடன் இறக்க முடியாது.

அன்புடன்,
அம்மா