செயலாளர் ஆண்டறிக்கை: மாசாந்திர ஆன்லைன் கேஸ் சந்திப்பும் நம்ம மத்த வேலைகளும்

தலைவர் அக்கா, பொருளாளர் அண்ணே, கமிட்டி மெம்பருங்க, நைட் டியூட்டி முடிச்சிட்டு தூங்காம பொதுக்கூட்டத்துக்கு வரப்போற மிஸ்ஸிங்க (நர்ஸுங்க), தொண்டூழியருங்க எல்லாருக்கும் வணக்கம். அறிக்கைய முன்னாடியே அனுப்பிட்டா கூட்டத்துல கேள்வி கேக்க நேரம் கிடைக்கும்னு தலைவர் அக்கா சொன்னாங்க, அதான் இப்பவே.

வழக்கமான வேலைங்கள சீக்கிரம் சொல்லிடறேன். குணமாக்க முடியாத நோயாளிங்கள வீட்டுக்குப் போய் பாக்கறது, குடும்பத்துக்கு கொஞ்சம் ஓய்வு குடுக்கறதுக்காக கூட உக்காந்திருக்கறது, இதெல்லாம் வருஷம் முழுக்க நடந்துச்சு. அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை உலக ஹாஸ்பிஸ் தினம், அதாவது கடைசிக் காலப் பராமரிப்புக்கான நாள். வாய்டு டெக்ல, அதான் ப்ளாக்குக்கு அடியில இருக்கிற திறந்த எடத்துல, மேசை போட்டு முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் பத்தி, அதாவது நோய் முத்தினா எப்படிப்பட்ட பராமரிப்பு வேணும்னு முன்னாடியே சொல்லி வெக்கறத பத்தி தமிழ்ல பேசினோம், வயசானவங்க நாங்க நெனச்சத விட தைரியமா பேசினாங்க, கூட வந்த பிள்ளைங்கதான் தயங்குனாங்க. கணக்கு வழக்க பொருளாளர் அண்ணே தனியா குடுப்பாரு.

இந்த வருஷம் நான் விரிவா சொல்ல விரும்பறது ஒண்ணுதான், நம்ம ஆன்லைன் கேஸ் சந்திப்பு, அதாவது ஒருத்தர் தன் நோயாளியோட நெலமைய சொல்ல, எல்லாரும் சேந்து யோசிக்கற வீடியோ கூட்டம். மாசம் ரெண்டாவது செவ்வாய், சிங்கப்பூர் நேரம் ராத்திரி எட்டரை மணி. இந்தியா இலங்கை ரெண்டுலயும் அப்ப சாயங்காலம் ஆறு, அதனால அங்கேருந்தும் நமக்குத் தெரிஞ்ச நர்ஸுங்க, டாக்டருங்க வந்து சேர முடியுது.

புதுசா சேந்தவங்களுக்காக கொஞ்சம் பின்னணி. இந்த முறைய ஆரம்பிச்சவர் டாக்டர் சஞ்சீவ் அரோரா, அமெரிக்காவுல நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்துல கல்லீரல் நிபுணர். ஹெபடைடிஸ் சி நோயாளிங்க அவர பாக்க எட்டு மாசம் வரைக்கும் காத்திருக்கணும், தொலைதூர ஊருங்கள்லேருந்து வரணும். 2003ல அவர் ப்ராஜெக்ட் எக்கோன்னு ஒண்ணு தொடங்கி, அந்தந்த ஊர் டாக்டருங்கள வாரம் தவறாம வீடியோவுல கூட்டி, அவங்க நோயாளிங்கள பத்தி அவங்களையே பேச வெச்சாரு. 2011ல வந்த ஆய்வுல பாத்தா பல்கலைக்கழக கிளினிக்ல வைரஸ் போனவங்க 57.5 சதவீதம், ஊர் டாக்டருங்ககிட்டயே சிகிச்சை எடுத்தவங்கள்ல 58.2 சதவீதம், அதாவது பெருசா எந்த வித்தியாசமும் இல்ல. அப்புறம் இத பேலியேட்டிவ் துறைக்கும், அதாவது தீராத நோய்க்காரங்களோட வலியையும் கஷ்டத்தையும் குறைக்கற நம்ம பராமரிப்புக்கும், நெறைய பேர் எடுத்துக்கிட்டாங்க, திருவனந்தபுரத்துல டாக்டர் ராஜகோபால் ஆரம்பிச்ச பாலியம் இந்தியா அமைப்பும் இந்த முறையில சொல்லிக் குடுக்குறாங்க. நாம பண்றது அதோட ரொம்பச் சின்ன வடிவம்.

இது ஏன் நமக்கு அவசரம்னா, உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி வருஷத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு பேலியேட்டிவ் பராமரிப்பு தேவை, கிடைக்கறது 14 சதவீதம் பேருக்குத்தான். சிங்கப்பூர் அந்த நெலமையில இல்ல, ஆனா இங்கயும் வேலை கூடப்போகுது. 2014ல இங்க லியன் அறநிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்புல 77 சதவீதம் பேர் வீட்லயே இறக்க விரும்பறதா சொன்னாங்க. ஆஸ்பத்திரியில நடக்கற மரணங்கள 61 சதவீதத்துலேருந்து 2027க்குள்ள 51 ஆ குறைக்கணும்னு சுகாதார அமைச்சு 2023ல சொல்லியாச்சு. அப்ப அந்த மீதிப் பேரு எங்க இருப்பாங்க, எச்டிபி அடுக்குமாடி வீட்லதான், நடு ராத்திரி மூச்சு வாங்குனா பக்கத்துல இருக்கப்போறது ஒரு மகளோ வீட்டு வேலைக்கு வந்த ஹெல்ப்பரோதான், அவங்களுக்கு சொல்லிக் குடுக்கப்போறது நாமதான்.

வருஷ ஆரம்பத்துல அரை மணி நேரம் லெக்சர், மிச்சத்துல கேஸ்னு வெச்சிருந்தோம். கேமராவ ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் அமைதியா இருந்தாங்க. அப்புறம் லெக்சர் பத்து நிமிஷம்தான், அதுக்கப்புறம் ஒரே ஒரு கேஸ்னு கமிட்டி முடிவு பண்ணுச்சு. அதுலேருந்து கூட்டமே மாறிப்போச்சு, பஸ்ல போயிட்டே ஒரு காதுல இயர்ஃபோன மாட்டிக்கிட்டு பேசுறவங்க கூட இருக்காங்க.

ஒரு கேஸ மட்டும் சொல்றேன், அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் சொல்றேன். அம்மா ஒருத்தங்க, புத்துநோய் எலும்புக்குப் பரவியிருக்கு, ஃபென்டனில் பேட்ச், அதாவது தோல் வழியா உள்ள போற பலமான வலி மருந்து, ஒட்டியிருக்காங்க. காலையில நல்லா பேசுறாங்க, சில நாள் மத்தியானம் மட்டும் கூப்பிட்டாலும் எழுந்திரிக்க முடியாத அளவுக்கு மயக்கமா தூங்குறாங்க. டாக்டர் பாத்தாச்சு, ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சு, பேட்ச் அளவும் சரிதான், காரணம் தெரியல. நோய் முத்திடுச்சுன்னு குடும்பம் அழ ஆரம்பிச்சிட்டாங்க. மிஸ்ஸி இத சொல்லி முடிச்சதும் நம்ம பார்மசிஸ்ட் அக்கா கேட்டது ஒரே கேள்வி: பேட்ச் எங்க ஒட்டியிருக்கு, அந்த எடத்துல யாராச்சும் சூடு வெக்கறாங்களா? கூட்டம் முடிஞ்ச கையோட மிஸ்ஸி வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டாங்க. ஊர்லேருந்து வந்திருக்கிற தங்கச்சி, அக்காவுக்கு தோள்வலின்னு மத்தியான நேரத்துல உப்பு வறுத்து துணியில கட்டி ஒத்தடம் குடுத்திருக்காங்க, பேட்ச் அந்தத் தோளுக்குப் பக்கத்துலதான். சூடு பட்டா தோல் வழியா மருந்து அதிகமா உள்ள போகும், காய்ச்சல் அடிச்சாலும் அப்படித்தான், பேட்ச பிச்சு எடுத்தாலும் தோல்ல தங்கின மருந்து கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை செஞ்சிட்டே இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லி, பேட்ச வேற எடத்துக்கு மாத்தி, ஒத்தடத்த பேட்ச் கிட்ட கொண்டு போகாம காலுக்கு மட்டும் வெச்சாங்க. தங்கச்சிய யாரும் திட்டல, நிறுத்தவும் சொல்லல, அவங்களுக்கு அக்காவுக்காக கையால செய்ய இருந்தது அது ஒண்ணுதான். அன்னிக்குக் கேட்டவங்க யாரும் இனிமே பேட்ச் இருக்கிற வீட்ல ஒத்தடத்த பத்திக் கேக்காம வரமாட்டாங்க, எந்த லெக்சரும் இத செஞ்சிருக்காது.

பலமான வலி மருந்தான மார்ஃபின் பத்தின பயம் பலமுறை பேச்சுல வந்துச்சு. மார்ஃபின் குடுத்தா கதை முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்னு நம்ம ஆளுங்க இன்னும் நெனைக்கறாங்க, சின்ன அளவுல குடுத்தா மூச்சுத்திணறலுக்கே அது நல்லதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. அதோட மலச்சிக்கல் மருந்தும் முதல் நாள்லேருந்தே வேணும், வாந்தி சில நாள்ல அடங்கிடும், மலச்சிக்கல் அடங்காது. கடைசி நாள்ல சாப்பாடு இறங்கல ட்ரிப் போடுங்கன்னு கேக்கற குடும்பத்துக்கு என்ன சொல்றதுங்கறதுக்கு யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருத்தங்க சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது: முடியாதுன்னு ஆரம்பிக்காம, பஞ்சுல பாலோ துளசித் தண்ணியோ நனைச்சு உதட்டையும் வாயையும் ஈரமா வெச்சிக்க சொல்லிக் குடுங்க, மகனுக்கு ஒரு வேலை கிடைக்கும், அம்மாவுக்கும் வாய் வறட்சி குறையும், ட்ரிப்ப பத்தி அப்புறம் பொறுமையா பேசலாம்.

ஒரு மாசம் ஹெல்ப்பருங்கள கூப்பிட்டோம், முதலாளிங்க சம்மதத்தோட. தஞ்சாவூர் பக்கத்துலேருந்து வந்த ஒரு பொண்ணு, தாத்தா ராத்திரி எப்படி மொனகினா வலி, எப்படி மொனகினா கனவுன்னு அவ்ளோ தெளிவா சொல்லிச்சு. இத வருஷத்துல நாலு தடவையாவது பண்ணணும்னு என் பரிந்துரை.

ரெக்கார்டிங் போடுங்கன்னு வராதவங்க கேட்டாங்க. ஷிஃப்ட் கஷ்டம் எனக்குப் புரியுது, ஆனாலும் நான் இதுக்கு எதிர்ப்புதான். ரெக்கார்ட் ஓடுதுன்னு தெரிஞ்சா யாரும் தனக்குப் புரியாதத வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, நோயாளி விவரம் வெளிய போற ஆபத்தும் இருக்கு. பத்து நிமிஷ லெக்சர மட்டும் பதிவு பண்ணி வாட்சப் குழுவுல போடலாம், கேஸ் பேச்சு வேணாம். பொதுக்கூட்டத்துல ஓட்டுக்கு விடுறேன்.

இன்னொரு கோரிக்கை, கேஸ் கொண்டு வந்தவங்க அடுத்த மாசம் அஞ்சு நிமிஷம் எடுத்து, சொன்ன யோசனைய செஞ்சீங்களா, நோயாளிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும். அது இல்லாம நாம சொல்றது சரியா தப்பான்னு நமக்கே தெரியாது. அவசரம்னா செவ்வாய்க்கிழமைக்காக காத்திருக்கக் கூடாது, உங்க டாக்டர உடனே கூப்பிடுங்க.

தமிழ்நாட்டுலேருந்தும் இலங்கையிலேருந்தும் நேரம் ஒதுக்கி வந்தவங்களுக்கு, ஒவ்வொரு மாசமும் லிங்க் அனுப்பி, மைக் ஆஃப் பண்ண சொல்லிச் சொல்லி தொண்டை வத்திப்போன நம்ம இளையர் அணிக்கு, சங்கம் சார்பா மனசார நன்றி.

அடுத்த ரெண்டு சந்திப்புக்கு கேஸ் குடுக்க ஆளுக்கு ஒண்ணா ரெண்டு பேரு பேர் குடுத்திருக்காங்க, அதுக்கப்புறம் வர்ற மாசமெல்லாம் காலியா இருக்கு. சந்திப்புக்கு முந்தின வெள்ளிக்குள்ள எனக்கு அனுப்புங்க: வயசு, நோய், இப்ப குடுக்குற மருந்தும் அளவும், சிறுநீரகம் எப்படி இருக்கு, வீட்ல கூட யாரு, உங்க கேள்வி என்ன. பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், ப்ளாக் நம்பர், போட்டோ எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
செயலாளர்